அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பழைய பட அஞ்சலட்டை ஒன்று கையில் கிடைத்தால் நாம் படத்தைப் பார்ப்போம். சேகரிப்பவர்கள் உடனே திருப்பிவிடுவார்கள். அட்டையின் வயதைச் சொல்வது பின்பக்கம்தான்.

உலகின் முதல் அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியானது. இந்தியாவுக்கு 1879 ஜூலையில் வந்தது, விலை காலணா. இரண்டிலும் படம் கிடையாது. படம் போட்ட அட்டைகள் பெருகிய பிறகும், பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே என்பது விதி. நலம் விசாரிக்க நினைத்தவர் படத்தின் ஓரத்திலோ கோபுரத்துக்கு மேலுள்ள வானத்திலோ பொடி எழுத்தில் நுணுக்கி எழுதினார். 1902இல் பிரிட்டன் பின்பக்கத்தை நடுவில் பிரித்து ஒரு பாதியைச் செய்திக்குக் கொடுத்தது. ஜெர்மனி 1905இலும் அமெரிக்கா 1907இலும் அதையே செய்தன. நடுக்கோடு இல்லாத அட்டை என்றால் பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தது.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. படம் வரிசையான புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஹாஃப்டோன் அச்சு. சுருங்கிய தோல்போல நுண்ணிய நெளிவுகள் தெரிந்தால் கொலோடைப். கண்ணாடித் தகட்டில் ஒளியுணர் ஜெலட்டின் பூசி, நெகட்டிவ் வழியாக ஒளி பாய்ச்சுவார்கள். ஒளிபட்ட இடம் இறுகி மையைப் பிடிக்கும். படாத இடம் ஈரம் தாங்கி மையை ஒதுக்கும். புள்ளியும் நெளிவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் தாளில் நேரடியாகக் கழுவி எடுத்த புகைப்படம். அந்தக் கால வண்ணங்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். படம் கறுப்பு வெள்ளை. சேலையின் சிவப்பு அச்சகத்தில் ஏறியது.

படமும் சாட்சி சொல்லும். சென்னைத் தெருவில் டிராம் ஓடினால் அது 1895க்குப் பிந்தையது. மூர் மார்க்கெட் கட்டடத்தை இன்று பார்க்க இத்தகைய படங்கள்தான் வழி. அது 1985இல் எரிந்துபோனது.

என்னை வருத்துவது மனிதர்களைக் காட்டும் அட்டைகள். ‘சலவைக்காரர்’, ‘பாம்பாட்டி’ என்று தொழிலை அச்சிட்டார்கள். நேராக நம் கண்ணைப் பார்த்து நிற்பவரின் பெயரை எழுதவில்லை. கட்டடத்துக்குப் பெயர் இருந்தது.

தபால்தலையைத் தயவுசெய்து பிரித்தெடுக்காதீர்கள். முத்திரையின் தேதியும் ஊரும் அதோடு போய்விடும். பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் அட்டையைக் கெடுக்கும். பகிரும்போது இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். மங்கிய முத்திரையை ஒருவர் படித்துச் சொல்வார். படத்தின் மூலையில் பாதி தெரியும் கடைப்பலகையைப் பார்த்து, அது எங்கள் தாத்தா காலத்துத் தெரு என்பார் இன்னொருவர்.