அடாப்டர் சாகவில்லை; ஆணை வரவில்லை!

புனேயில் எலெக்ட்ரானிக் சாமான் வேண்டுமென்றால் புத்வார் பேட்டின் தப்கீர் கல்லிக்குப் போவார்கள். ராஸ்தா பேட், கட்கி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அப்படித்தான். பிள்ளையின் படிப்புக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, விண்டோஸுக்குத் தனியாகப் பணம் அழ மனமின்றி, இலவச லினக்ஸைப் போட்டுக்கொள்வோர் உண்டு. எல்லாம் சரி, வயர்லெஸ் அடாப்டரைச் செருகினால் மட்டும் நெட் வராது. "அடாப்டர் போச்சு" என்று முடிவுகட்டி, மாதக் கடைசியில் இன்னொன்றுக்கும் பணம் தண்டம்!

பெரும்பாலும் அடாப்டர் சாகவில்லை. அது வேலை செய்ய இரண்டு சங்கதிகள் வேண்டும். ஒன்று, கெர்னலில் உள்ள டிரைவர். மற்றொன்று, அடாப்டரின் சில்லுக்குள் ஏற்றப்படும் பெர்ம்வேர் என்னும் ஆணைத் தொகுப்பு. இதன் மூலத்தைக் கம்பெனிகள் வெளியிடுவதில்லை. அதனால் டெபியன் லினக்ஸ் இதை நெடுங்காலம் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமலே இருந்தது. 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறி, 2023-ல் வந்த 12-ஆம் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஆகவே பழைய வட்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிடப் புதிய பதிப்பைப் போடுவது மேல்.

பார்க்க வேண்டியது என்ன?

டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று சிறிய ஆங்கில எழுத்துக்களில் தட்டினால், செருகியிருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். அதில் அடாப்டர் இல்லையென்றால் துளையை மாற்றிச் செருக வேண்டும். பின்பக்கத் துளையே நல்லது. பட்டியலில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அங்குள்ள எண்ணைக் கொண்டு சில்லு எது என்று கண்டுபிடித்து, அதற்குரிய பெர்ம்வேரை நிறுவலாம். நெட் இல்லாமல் நெட்டிலிருந்து எப்படி இறக்குவது? கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, 'டெதரிங்' வசதியைப் போட்டால் போதும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில அடாப்டர்கள், விண்டோஸ் டிரைவரைத் தம் வயிற்றிலேயே சுமந்துகொண்டு, சிடி வட்டைப்போல வேடம் போடும். லினக்ஸும் சிடி என்றே நம்பிவிடும். பலவற்றில் அந்த 'சிடி'யை 'ஈஜெக்ட்' செய்தாலே வேடம் கலைந்துவிடுகிறது.

சம்பளமில்லா உழைப்பு

இந்த டிரைவர்கள் எல்லாவற்றையும் கம்பெனிகள் எழுதித் தரவில்லை. லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர், 2005 முதல் தன்னார்வமாகவே பிராட்காம், ரியல்டெக் சில்லுகளின் லினக்ஸ் டிரைவர்களுக்காக உழைத்தார். 2024 ஜூனில் அவர் காலமானார். இன்று பழைய கம்ப்யூட்டரில் நெட் ஓடும் எத்தனையோ வீடுகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

புதிதாக வாங்குவோர் பெட்டியின் மேலுள்ள மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டிபி-லிங்க் கம்பெனியின் 'டபிள்யூஎன்722என்' மாடலே சாட்சி. முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் சில்லு. லினக்ஸில் சுலபமாக ஓடியது. இரண்டாம் பதிப்பில் பெயர் அதேதான்; உள்ளே ரியல்டெக் சில்லு! பெட்டியில் 'வி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து, சில்லு எது என விசாரித்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.