நேதாஜி கோப்புகள்: திறந்த கதவும் தெரியாத வழியும்

புது தில்லி: நேதாஜி சுபாஷ் சந்திர போஸுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி, நாடாளுமன்றத்தில் தலைமுறைகளைக் கடந்து எழுப்பப்பட்டு வந்துள்ளது. அதற்கு விடை தேடுவோர் அரசின் ரகசியக் கோப்புகளை வீட்டிலிருந்தே படிக்கும் வாய்ப்பு 2016-ல் கிடைத்தது.

அந்த ஆண்டு ஜனவரி 23-ம் தேதி, நேதாஜியின் பிறந்த நாளன்று, தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் 100 கோப்புகளின் மின்னணுப் படிகளைப் பிரதமர் நரேந்திர மோடி வெளியிட்டார். இதற்கெனத் தனி இணையதளமும் தொடங்கப்பட்டது. பின்னர் தவணை முறையில் மேலும் பல கோப்புகள் வெளியாயின. ரகசியம் நீக்கப்பட்டுக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்ட கோப்புகள் மொத்தம் 304. முன்னதாக, 2015 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு 64 கோப்புகளை வெளியிட்டிருந்தது.

கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே நுழைபவருக்கு வழிகாட்டுவது யார்?

மூன்று விசாரணைகள்

1945 ஆகஸ்ட் 18-ல் தைபேயில் நிகழ்ந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்தார் என்று 1956-ல் ஷா நவாஸ் கான் குழு முடிவு செய்தது. குழுவின் உறுப்பினரும் நேதாஜியின் அண்ணனுமான சுரேஷ் சந்திர போஸ் அதை ஏற்கவில்லை. 1970-ல் அமைக்கப்பட்ட கோஸ்லா கமிஷனும் விபத்தையே உறுதி செய்தது. ஆயினும், அம்முடிவுகளை இறுதியானவையாகக் கொள்ள இயலாது என 1978-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1999-ல் அமைக்கப்பட்ட முகர்ஜி கமிஷன், நேதாஜி விபத்தில் இறக்கவில்லை என்றும், டோக்கியோ ரெங்கோஜி கோயிலில் உள்ள அஸ்தி அவருடையதல்ல என்றும் கூறியது. 2006-ல் அவ்வறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது அரசு அதை நிராகரித்தது.

இத்தனை முரண்களுக்கு இடையே, ஸ்கேன் செய்த பக்கங்களை மட்டும் அடுக்கி வைப்பது போதாது. கோப்புகள் அலுவலக வசதிக்காகத் தொகுக்கப்பட்டவை. குடிமகனின் தேடலுக்காக அல்ல.

துப்பறியும் இணையதளங்களை வடிவமைப்போரிடம் ஒரு முறை உண்டு. பார்வையாளரை ஓரிடத்தில் நிறுத்தித் தடயங்களை அவர் கையில் கொடுப்பார்கள். அடுத்த அடியை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதே முறையில், சைகோனில் நேதாஜி விமானம் ஏறிய இடத்திலிருந்து இத்தேடலைத் தொடங்கலாம். உடன் பயணித்து உயிர்பிழைத்த ஹபிபுர் ரஹ்மானின் சாட்சியம் ஒருபுறம்; அந்நாளில் அத்தகைய விபத்துக்குப் பதிவு இல்லை என்று முகர்ஜி கமிஷனுக்கு தைவான் அளித்த தகவல் மறுபுறம். இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் மூல ஆவணத்தின் பக்கத்துக்கு வழி அமைக்க வேண்டும். கற்பனைக் காட்சிகளுக்கும் முன்கூட்டிய தீர்ப்புக்கும் அங்கு இடமிருக்கக் கூடாது.

மொழியும் ஒரு தடையே. கோப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தனர். நேதாஜி உயிருடன் இருப்பதாக அறிவித்த முத்துராமலிங்கத் தேவரின் குரலைத் தமிழகம் இன்னும் மறக்கவில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் தமிழில் படிக்கச் சுருக்கங்களேனும் தேவை.

2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளித்த பதிலில், நேதாஜி விபத்தில் இறந்ததாகவே உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. சர்ச்சை மீண்டும் வெடித்தது. ஆதாரங்களைத் தாமே எடைபோட மக்களுக்கு வழியில்லாதவரை, கோப்புகள் வெளியானாலும் வதந்திகள் ஓயப்போவதில்லை.