நகல் எடுத்தும் ஒன்றேதானா?

மாணவ நண்பர்களே, தனி ஊசல் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். அதன் கணக்கைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்துப் பார்ப்போமா? நாம் எடுத்துக்கொள்ளும் மொழி பைத்தான். நெதர்லாந்து நாட்டுக் கைடோ வான் ரோசம் உருவாக்கி, 1991இல் வெளியிட்டது.

பைத்தானில் 'ஊசல்' என்றொரு பொருளைப் படைக்கிறோம். நீளம், குண்டின் நிறை, அளவீடுகள் ஆகிய மூன்றும் அதன் பண்புகள். நீளம் 1 மீட்டர். அளவீடுகள் என்பது இப்போதைக்கு வெற்றுப் பட்டியல். இரண்டாவது ஊசலுக்கும் குண்டு அதேதான். ஆகவே முதல் ஊசலின் பண்புகளை அப்படியே நகல் எடுத்து, நீளத்தை மட்டும் 0.25 மீட்டர் என்று மாற்றுகிறோம்.

இனி சோதனை. பத்து அலைவுகளுக்கான நேரம் முதல் ஊசலுக்கு 20.0, 20.1, 20.2 வினாடிகள், இரண்டாவதற்கு 10.0, 10.1, 10.0 வினாடிகள். அவற்றை அந்தந்த ஊசலின் பட்டியலில் சேர்க்கிறோம். பின் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கேட்டால், முதல் ஊசல் 17.4 என்கிறது, இரண்டாவது 4.3 என்கிறது! 9.8 எங்கே போயிற்று?

பட்டியலைத் திறந்து பாருங்கள். இரண்டு ஊசல்களிலும் ஆறு அளவீடுகளும் கலந்து கிடக்கும். காரணம் என்ன? பைத்தானில் ஒரு பண்பு தன் மதிப்பை வயிற்றுக்குள் வைத்திருப்பதில்லை. மதிப்பு இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. நாம் நகல் எடுத்தது முகவரியைத்தான். ஒரு வீட்டு முகவரியை இரண்டு தாளில் எழுதினால் வீடு இரண்டாகிவிடுமா?

அப்படியானால் நீளம் மட்டும் எப்படித் தப்பியது? 0.25 என்று மாற்றியபோது ஒரு தாளிலிருந்த முகவரியை அழித்து வேறு முகவரி எழுதினோம். மற்றத் தாள் அப்படியே இருந்தது. பட்டியலில் அளவீட்டைச் சேர்ப்பதோ வீட்டுக்குள் போய் நாற்காலி போடுவது போன்றது. எந்தத் தாளைப் பிடித்து வந்தாலும் அந்த நாற்காலி தெரியும்.

பரிகாரம் உண்டு. பைத்தானின் 'காப்பி' தொகுதியில் இரண்டு வழிகள் உள்ளன. 'காப்பி' என்பது மேலோட்ட நகல். முகவரிகளை மட்டும் பெயர்த்தெழுதும். 'டீப்காப்பி' என்பது ஆழ்நகல். பட்டியலையும் புதிதாகப் படைத்துத் தரும். இதைப் பயன்படுத்தினால் இரண்டு ஊசல்களும் ஏறக்குறைய 9.8 என்றே சொல்லும்.

கணிப்பொறி பிழைச்செய்தி எதுவும் தராமலே தவறான விடையைத் தந்தது, கவனித்தீர்களா? 9.8 என்று நமக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் பிழை அகப்பட்டது. விடை தெரியாத ஆராய்ச்சியில் என்ன ஆகும்?

உங்களுக்கு ஒரு கேள்வி: மேலோட்ட நகல் எடுத்தவுடன், இரண்டாவது ஊசலின் அளவீடுகளுக்குப் புதிய வெற்றுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டால் குழப்பம் நேருமா? முதலில் யோசியுங்கள்; பிறகு செய்து பாருங்கள்.