கரிசல் பாதையில் கோபுரமும் காராச்சேவும்

கோயில் பார்க்கத் தஞ்சாவூர், கும்பகோணம். சாப்பிட மதுரை, செட்டிநாடு என்று நமக்குப் பழகிவிட்டது. சிவகாசிக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் தீபாவளிக்கு முன்னால் பட்டாசு வாங்கிக்கொண்டு அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் விடிந்ததும் கிளம்பினால் இரவுக்குள் சுற்றிவரக்கூடிய தூரத்தில் எத்தனை கோயில்கள், எத்தனை ருசிகள்! இது வானம் பார்த்த கரிசல். கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், எள் என்று மழையை நம்பி விளைகிற பூமி. விருந்துப் பந்திப் பெருமை இந்த ஊர்களுக்கு வாய்க்கவில்லை. பாலையும் வத்தலையும் எண்ணெயையும் கொண்டு, நாலு நாள் வைத்துத் தின்னக்கூடிய பண்டங்களைச் செய்தார்கள். அவைதான் இன்று இவர்களின் முகவரி.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொடங்குவது நல்லது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது இங்குள்ள வடபத்ரசாயி கோயில் கோபுரம்தான் என்பார்கள். 11 நிலை, 192 அடி. அண்ணாந்து பார்த்துவிட்டு ஆண்டாள் சன்னதிக்கு நடந்தால், அவள் இடது கையில் கிளி. மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் சேர்த்து அன்றாடம் புதிதாகக் கட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கோயிலில் மிகவும் பிடித்தது ஒரு சாப்பாட்டுக் கதை. அழகர்மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள் ஆண்டாள். அந்த நேர்த்திக்கடனைப் பல நூற்றாண்டுகள் கழித்து ராமானுசர் நிறைவேற்றிவிட்டு வில்லிபுத்தூர் வந்தபோது, 'அண்ணா' என்று அழைத்து எதிர்கொண்டாளாம். அதனால்தான் மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லியன்று, நெய் சொட்டும் அக்காரவடிசில்.

கோயிலைச் சுற்றிலும் பால்கோவாக் கடைகள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மேயும் மாடுகளின் பாலும் சீனியும் மட்டும்தான் சரக்கு. மற்றதெல்லாம் கைப்பக்குவம்: தீ ஒரே சீராக எரிய வேண்டும், அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்கினால் அன்று கிண்டியதைக் கேட்டு வாங்குங்கள். வாழையிலைத் துண்டில் வைத்து, இளஞ்சூட்டோடு, அங்கேயே நின்று தின்ன வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே சிவகாசி. வழியெங்கும் பட்டாசு ஆலைகள். ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள், நடுவே வேப்பமரங்கள். ஒரு அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக விட்ட இடைவெளி அது. ஊருக்குப் பேர் தந்த காசி விசுவநாதரைப் பற்றி ஒரு கதை உண்டு: தென்காசிப் பாண்டியன் காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கத்தைச் சுமந்த பசு இங்கே நின்றது, நகரவே இல்லையாம். இந்தக் கதையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையை நாடார்கள் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1899இல் கலவரம் வெடித்துச் சிவகாசி எரிந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகளோடு நாடார் ஒருவரும் நுழைந்தது 1939இல். கோயில் கதவு திறக்க நாற்பது ஆண்டு! பிரகாரம் சுற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சுற்ற வேண்டும் என்று விரும்புகிறேன்.

பக்கத்திலேயே திருத்தங்கல். ஆழ்வார்கள் பாடிய குன்று. பெருமாள் நின்ற கோலத்தில் இருப்பதால் நின்ற நாராயணர். சிலப்பதிகாரம் பேசுகிற ஊர் இது. நடை சாத்துவதற்குள் படியேறிவிடுங்கள்.

அடுத்து சாத்தூர். அங்கத்திய காராச்சேவைப் பற்றிச் சொல்ல எனக்குப் பக்கங்கள் போதாது. கடலை மாவும் அரிசி மாவும், அரைத்த வத்தலும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து, துளைக் கரண்டியில் வைத்து உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். கொதிக்கிற எண்ணெயில் சேவு உதிர்கிறது. கடைக்காரர் முதலில் ஒரு பிடி கையில் போடுவார். கடிக்கும்போது நொறுங்கி, மென்றபிறகுதான் காரம் ஏறும். கூடவே கருப்பட்டிச் சேவும் வாங்குங்கள். காரத்துக்கு அதுதான் மருந்து.

சாத்தூருக்குக் கிழக்கே இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடம். பெரும்பாலான மாதங்களில் அங்கே மணல்தான் ஓடுகிறது. சாணம் பொறுக்கப் போன பெண் கூடையை இறக்கி வைத்த இடத்தில், திரும்ப எடுக்க முடியாமல் போக, அங்கே தோண்டியபோது கிடைத்தவள் இந்த மாரியம்மன் என்பது ஐதீகம். கண் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் கண்மலர் சாத்துகிறார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு வந்தால் மணல் தெரியாத கூட்டம். குடும்பம் குடும்பமாக மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, ஆற்றுமணலிலேயே குழம்பு கொதிக்கிறது. உட்காரச் சொல்வார்கள். மறுக்காதீர்கள். அந்தக் குழம்பு எந்த ஓட்டலிலும் கிடைக்காது.

பொழுது சாயும்போது விருதுநகர். பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மனுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் அக்கினிச்சட்டி எடுக்கிறார்கள். கருமருந்தோடு நாளெல்லாம் புழங்குகிற வட்டாரம், அம்மனிடம் வருகையிலும் நெருப்பைத்தான் ஏந்தி வருகிறது. பிள்ளைகளை நல்லபடியாக வீடு சேர்த்துவிடு தாயே என்பதைத் தவிர அவர்களுக்கு வேறென்ன வேண்டுதல் இருக்க முடியும்? இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய பள்ளியில்தான் காமராசர் படித்தார். முதல்வராக இருந்தபோது மாநிலம் முழுக்க ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார். அவர் வளர்ந்த சின்ன வீடு நினைவில்லமாக இருக்கிறது, பார்க்காமல் போகாதீர்கள்.

கடைசியாகப் பொரிச்ச புரோட்டா. எண்ணெய்க்கும் பருப்புக்கும் பேர்போன சந்தை ஊர், புரோட்டாவையும் எண்ணெயிலேயே பொரித்தெடுக்கிறது. சிவந்து மொறுமொறுவென்று வருவதை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, ஓரம் மட்டும் மொறுமொறுப்பு மிஞ்சியிருக்கும்போதே சாப்பிட வேண்டும். பக்கத்தில் மட்டன் சுக்கா. மதியம் போனால் இந்தச் சூடு வாய்க்காது. விளக்கு வைத்தபிறகு போங்கள், இரண்டாவது முறை சால்னா கேட்கக் கூச்சப்படாதீர்கள்.