கட்டுக்கரைக் குளம் வெள்ளத்தை என்ன செய்கிறது?

அநுராதபுரத்தில் அடைமழை பெய்தால் மன்னாரில் எச்சரிக்கை விடுகிறார்களே, ஏன் என்று யோசித்ததுண்டா? யோசித்திருந்தால் உங்களுக்கு ஒரு சபாஷ்.

இரண்டு ஊரையும் இணைப்பது அருவி ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா. நீளம் 164 கிலோமீற்றர். இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு இதுதான். அங்கே பெய்த மழை இங்கே அரிப்பு என்ற ஊர்ப் பக்கம் வந்துதான் கடலில் சேரும்.

வழியில் தேக்கம் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அது உயரமான அணை இல்லை. தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பிவிடும். மிச்சம் அணைக்கு மேலாகவே பாய்ந்து கடலுக்குப் போகும். திருப்பிய தண்ணீர் முருங்கனுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுக்கரைக் குளத்தில் சேரும். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய குளம் என்பார்கள்.

குளத்துக்கு வந்த வெள்ளம் என்ன ஆகும்? பள்ளிக்கூட மணி அடித்ததும் எல்லாரும் ஒரேயடியாக வாசலுக்கு ஓடினால் நெரிசல்தானே? முதலில் மைதானத்தில் பரவி நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனால் யாருக்கும் அடிபடாது. குளம்தான் அந்த மைதானம். விளங்குகிறதா?

இன்னொரு கேள்வி. இவ்வளவு பரந்த தண்ணீரை வெறும் மண்கட்டு எப்படித் தாங்குகிறது? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி! கட்டின் மேல் ஓர் இடத்தில் விழும் அழுத்தம், அங்கே தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. குளம் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. கட்டுக்கரை அகலம், ஆனால் ஆழம் குறைவு. அடியில்தான் அழுத்தம் கூட. அதனால் கட்டின் அடிப்பக்கத்தை அகலமாக வைக்கிறார்கள்.

மண்கட்டுக்குப் பெரிய பயம், தண்ணீர் அதன் தலைக்கு மேலே வழிவது. வழிந்தால் மண் அரிபடும். சின்ன வெட்டு பெரிய உடைப்பாகிவிடும். அதற்காகத்தான் கட்டைவிடத் தாழ்வாக வான் என்ற வழியை அமைக்கிறார்கள். குளம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வான் பாயும்.

ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தக் குளம் வயலுக்காக வெட்டியது. நிறைந்த பிறகும் மழை விடாவிட்டால், வெள்ளத்தை இதனால் தடுக்க முடியாது. அப்போது ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அறிவித்தல் கேட்டதுமே மேட்டுக்குப் போக வேண்டும்.

மழை ஓய்ந்ததும் துருசை, அதாவது மதகைத் திறப்பார்கள். தண்ணீர் சின்னச் சின்னக் குளங்களுக்கும் வயல்களுக்கும் போகும். வாடைக்காலத்தில் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்துகள் வரும். பார்க்க ஆட்களும் வருவார்கள். நீங்களும் பெரியவர்களோடு போங்கள். போனால் கட்டின் தண்ணீர்ப் பக்கச் சரிவில் கல் பதித்த இடங்களைத் தேடிப் பாருங்கள். அலை அடித்து மண் கரையாமல் காப்பது அந்தக் கல்தான்.