நேரம் காக்கும் கோபுரங்கள்

நுழையும்முன்

ஓடும் தொடர்வண்டியில் அமர்ந்து அலைபேசியில் பேசுகிறோம். வண்டி ஊர்களைக் கடக்கிறது; பேச்சு அறுபடுவதில்லை. வழியிலுள்ள கோபுரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்றாக நம் பேச்சை வாங்கிக்கொள்வதே அதற்குக் காரணம். அக்கோபுரங்கள் அனைத்தும் ஒரே நேரத்தைக் காட்டும் கடிகாரங்களைப் பெற்றிருக்கின்றன. அந்த நேரம் அவற்றுக்கு எங்கிருந்து, எவ்வாறு வருகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊருக்கு ஒரு நேரம்

கதிரவன் உச்சிக்கு வரும் பொழுதே நண்பகல் என்று கொண்டால், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நேரம் உண்டு. சென்னையில் நண்பகல் ஆகி ஏறத்தாழ 7 நிமிடம் கழித்தே திருப்பத்தூரில் நண்பகல் ஆகிறது. மாட்டுவண்டியில் பயணம் செய்த காலத்தில் இவ்வேறுபாடு எவரையும் வருத்தவில்லை.

1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. இருப்புப்பாதை மேலும் மேற்கே நீண்டு, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை அடைந்தது. நிலையத்துக்கு நிலையம் நேரம் மாறினால் கால அட்டவணைக்குப் பொருளில்லை. ஆகவே, நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த சென்னை வானியல் ஆய்வகத்தின் நேரம் தந்திக் கம்பி வழியே நிலையங்களுக்கு அனுப்பப்பட்டது. ‘மதராஸ் நேரம்’ எனப்பட்ட அதுவே தொடர்வண்டிகளின் பொது நேரமாயிற்று. 1906 சனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. அது மதராஸ் நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முந்தியது.

தொலைவிலுள்ள இடங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு செயலைச் செய்யவேண்டுமாயின், அவற்றுக்குப் பொதுவான நேரம் ஒன்று வேண்டும். இருப்புப்பாதை உணர்த்திய இவ்வுண்மை இன்று அலைபேசிக் கோபுரங்களுக்கும் பொருந்துகிறது. ஆனால், அன்று நிமிடம் போதுமானதாக இருந்தது; இன்று நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகிய மைக்ரோ நொடி வேண்டியிருக்கிறது.

ஒற்றைத் தண்டவாளமும் ஒரே அலைவரிசையும்

ஒற்றைத் தண்டவாளத்தில் இரு திசைகளிலும் வண்டிகள் ஓடவேண்டுமாயின், அவை முறைவைத்தே செல்லவேண்டும். இந்தியாவில் 5ஜி சேவைக்குப் பயன்படும் முதன்மையான அலைவரிசைத் தொகுதி ஒன்றில் இதே முறைதான் பின்பற்றப்படுகிறது. கோபுரம் பேசுவதும், அலைபேசி பேசுவதைக் கோபுரம் கேட்பதும் ஒரே அலைவரிசையில் மாறிமாறி நிகழ்கின்றன. இந்த மாற்றம் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நடைபெறுகிறது.

தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்கூடங்களும் நெருங்கிய ஆம்பூர் போன்ற நகரில் கோபுரங்கள் அருகருகே நிற்கும். ஒரு கோபுரம் கேட்கவேண்டிய கணத்தில் அடுத்த கோபுரம் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? கோபுரத்தின் ஆற்றல் பல வாட்டு. அலைபேசியின் ஆற்றலோ பெரும்பாலும் 0.2 வாட்டுக்கு மிகாது. பறையொலியில் குழலோசை மறைவதுபோல, அலைபேசியின் மெல்லிய அலை மறைந்துபோகும். எனவே, எந்தக் கோபுரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக்கூடாது என்பது பன்னாட்டு வரையறை. அவ்வளவு நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவே 450 மீட்டர்தான்.

நாம் அணியும் சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை நொடி பிழைபடலாம். நம் வாழ்க்கைக்கு அது பிழையே அன்று. ஆனால், அத்தகைய கடிகாரத்தைக் கோபுரத்தில் வைத்தால், அது ஒரு நொடிக்குள்ளாகவே வரையறையை மீறிவிடும்.

விண்ணிலிருந்து வரும் நேரம்

கோபுரத்தின் உச்சியிலோ அருகிலோ காளான் வடிவில் ஒரு சிறு அலைவாங்கியைக் காணலாம். அது ஜி.பி.எஸ். போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெறுகிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரங்கள் உள்ளன. இடத்தையும் நேரத்தையும் ஒருங்கே கணிக்க நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. கோபுரம் இடம்பெயராதது; அதன் இருப்பிடம் ஒருமுறை துல்லியமாகத் தெரிந்துவிட்டால், பிறகு ஒரே செயற்கைக்கோளைக் கொண்டும் நேரத்தை அறியலாம்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. உயரத்தில் விரைந்து சுற்றும் ஜி.பி.எஸ். கடிகாரம், புவியிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி விரைவாக ஓடும். அதனைக் கணக்கிட்டுச் சரிசெய்த பின்னரே நேரம் பயனுக்கு வருகிறது.

ஒளியிழை வழியே நேரம்

உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் கூரையின் அடியிலும் விண்ணலைகள் தடைபடும். அங்கே ஒளியிழை கைகொடுக்கிறது. ஆம்பூரில் உள்ள கருவியொன்று ஏறத்தாழ 16 கி.மீ. நீளமுள்ள ஒளியிழை வழியே வாணியம்பாடிக்கு நேரத்தை அனுப்புவதாகக் கொள்வோம். செய்தி சென்றுசேர ஏறத்தாழ 80 மைக்ரோ நொடி ஆகும். இத்தாமதத்தைக் கழிக்காவிட்டால், பிழை வரையறையைப்போல் 50 மடங்கைத் தாண்டிவிடும்.

ஆகவே, இருமுனைகளும் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. போய்வர 160 மைக்ரோ நொடி ஆயிற்றென்றால், அதில் பாதியே ஒருவழித் தாமதம். போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளமாக இருக்கும்வரை இக்கணக்கு பொய்க்காது.

இரு வழிகளும் தடைப்பட்டால், கோபுரத்திலுள்ள கடிகாரமே பொறுப்பேற்கும். வெப்பநிலை மாறாத கூட்டுக்குள் வைக்கப்பட்ட குவார்ட்ஸ் படிகம் சில மணி நேரம் நேரத்தைக் காக்கும். ருபீடியம் அணுக் கடிகாரம் அதனினும் நெடுநேரம் காக்கும்.

நம் நேரம், நம் கடிகாரம்

சீசியம் அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு நொடி என 1967இல் வரையறுக்கப்பட்டது. இந்தியத் திட்ட நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக்கொண்டு பேணிவருகிறது.

பேச்சு, பணப்பரிமாற்றம், மின்கட்டமைப்பு ஆகிய அனைத்தும் துல்லிய நேரத்தைச் சார்ந்துள்ளன. அந்நேரத்துக்குப் பிறநாட்டுச் செயற்கைக்கோள்களை மட்டுமே நம்பியிருத்தல் பாதுகாப்பன்று. இதனை உணர்ந்தே இந்தியா ‘நாவிக்’ அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 சூலையில் ஏவப்பட்டது. அதிலிருந்த, வெளிநாட்டிலிருந்து பெறப்பட்ட அணுக் கடிகாரங்கள் பின்னர்ச் செயலிழந்தன. செயற்கைக்கோள் விண்ணில் இருந்தும் வழிகாட்ட இயலாமற்போயிற்று. கடிகாரமே அதன் உயிர் என்பதை அந்நிகழ்வு காட்டியது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, உள்நாட்டில் உருவான ருபீடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது.

அன்று தந்திக் கம்பி நிலையங்களை ஒரு நேரத்தில் இணைத்தது. இன்று விண்ணலையும் ஒளியிழையும் கோபுரங்களை இணைக்கின்றன. அந்த நேரத்தை நாமே ஆக்கிக் காக்கும் ஆற்றல், ஒரு நாட்டின் தன்னுரிமையின் ஒரு கூறு.

தெரியுமா?

சென்னை வானியல் ஆய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. அம்மரபில் வந்த இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம், திருப்பத்தூர் மாவட்டத்தின் சவ்வாது மலையில் காவலூரில் உள்ளது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கிவைக்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. ஒளியிழையில் செய்தி போய்வர 250 மைக்ரோ நொடி ஆயின், ஒருவழித் தாமதத்தைக் கணக்கிடுக.
2. பொது நேரம் இல்லையெனில் உங்கள் ஊரில் எவ்வெச் செயல்கள் தடைபடும் என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.