தோசை மாவும் ஓர் ஆய்வுக்கூடம்

"எனக்கே சயின்ஸ் வராது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லித் தர?" என்று ஒதுங்கும் பெற்றோர் அதிகம். ஆனால் அன்றாடம் மாவு புளிக்க வைப்பவருக்கும் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவருக்கும் அறிவியல் கைவழக்கமாகவே தெரியும். தொட்டும் கொட்டியும் கற்கும் சிறு குழந்தைகளுக்கு அதுவே போதுமான முதலீடு. மூன்று முதல் எட்டு வயது வரையிலான பருவத்துக்கு விளையாட்டுவழிக் கற்றலைத்தான் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வலியுறுத்துகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

உப்புப் போட்டுக் கரைத்த தோசை மாவை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு ஊற்றி, மாவு நிற்கும் உயரத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். ஒன்று அடுப்படியில், மற்றொன்று ஃபிரிட்ஜில். எது பொங்கும் என்று இரவே பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். காலையில் வெளியே இருந்த மாவு ரப்பர் பேண்டைத் தாண்டியிருக்கும். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவே அதை உப்ப வைக்கிறது. குளிரில் அவற்றின் வேலை மந்தமாகிவிடும்.

மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்த காகிதத்தில் துணி சோப்புத் தண்ணீரைச் சொட்டினால் சிவக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறமி, சோப்பில் இருப்பது போன்ற காரம் பட்டால் நிறம் மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதனால்தான். ஆரத்தியின் கதையைப் பாட்டி சொல்லட்டும்.

பெரியவர்களின் பங்கு என்ன?

விடையை முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பது. "என்ன ஆகும்னு நினைக்கிறே?", "ஏன் இப்படி ஆச்சு?" என்ற இரண்டு கேள்விகள் போதும். பிள்ளையின் ஊகம் தப்பினால் திருத்த வேண்டாம். இன்னொரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். குர்குமின் என்ற பெயர் உயர்நிலைப் பள்ளிவரை காத்திருக்கலாம்.

பள்ளி என்ன செய்யலாம்?

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமப் பள்ளிகளிலும் எளிய பொருள்களைக் கொண்டே சோதனைகள் செய்யலாம் என்று காட்டியது. அதில் பங்கேற்ற அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்து வடிவியல் சொல்லித் தந்தார். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசும் நேரத்தில் கால்மணியை இப்படியொரு சோதனைக்கு ஒதுக்கலாம். வீட்டில் செய்யக் கொடுப்பதென்றால், கூலி வேலைக்குப் போகும் பெற்றோரும் சேர்ந்துகொள்ள, செலவில்லாத, சமையலோடு செய்யத்தக்க சோதனையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தெர்மாகோல் மாதிரியைக் கடையில் வாங்கிவரச் சொன்னால் அங்கே கற்பவர் எவருமில்லை.

எச்சரிக்கை

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தை கையில் தர வேண்டாம். வேறு சோதனைகளுக்கு எடுக்கும் பயறு, பாசிமணி போன்றவற்றைச் சிறு குழந்தைகள் வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்வார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்த முறை மாவு அரைக்கும்போது இரண்டு டம்ளர்களை எடுத்து வையுங்கள். ரப்பர் பேண்டைப் பிள்ளையே மாட்டட்டும்.